பல்லாங்குழியும் பாடம்தான்

சகோதரி, மன்னார்குடி அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் தினமும் "விளையாடினேன்" என்றே சொல்வதாகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டு நோட்டாக எழுதுவதாகவும் வருந்தியிருந்தீர்கள். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே ஆடல், பாடல் வழியாகக் கற்பிப்பதுதான்; அது ஆசிரியரின் அலட்சியம் அன்று. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் பிள்ளை, ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் எண்ணிப் பாராமலே "பசு" என்று அள்ளிக்கொள்ளும்போது, நான்கு என்ற அளவு அதன் கண்ணில் பதிந்துவிட்டது என்று பொருள். (பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இது வருகிறதா என்று பாருங்கள்.)

ஆனால் எழுதுவது விளையாட்டில் தானாக வந்துவிடாது. என் மகளுக்கு ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் குழம்பியபோது, தாம்பாளத்தில் ஆற்றுமணல் பரப்பி, விரலால் தினமும் பத்து நிமிடம் மட்டும் எழுத வைத்தேன்.