பேச்சுவழி அறிதுயில்: பிசகுவது எங்கே?

கேள்வி: உரையாடல் வழி ஹிப்னாடிசம், அதாவது இயல்பான பேச்சின் மூலமே ஒருவரை அறிதுயிலுக்குக் கொண்டுசெல்லும் முறை, பயில்கிறேன். வாக்கியங்களைப் பிசகாமல் சொல்லியும் எதிரில் இருப்பவர் இறுக்கமாகவே இருக்கிறார். ஏன்?

பதில்: மனப்பாடம்தான் முதல் தவறு. ஒப்பிக்கும்போது உங்கள் கவனம் அடுத்த வரியில் இருக்கும், அவர் முகத்தில் இருக்காது. கண் சிமிட்டல் குறைகிறதா, தோள் இறங்குகிறதா, மூச்சு நிதானமாகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாக்கியம் வர வேண்டும்.

அவசரம் அதைவிடக் கெடுக்கும். படபடப்பில் இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் "நீங்கள் அமைதியாகிவிட்டீர்கள்" என்றால், அவர் மனம் 'இல்லையே' என்று மறுத்துவிடும். அவர் அப்போதே சரிபார்க்கக்கூடிய 3 உண்மைகளை முதலில் சொல்லுங்கள்: "சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், என் குரல் கேட்கிறது, மூச்சு வந்து போகிறது..." சற்று நிறுத்தி, அவர் மூச்சை வெளியே விடும்போது, "தோள்கள் இன்னும் கொஞ்சம் தளரலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இந்த 'லாம்' முக்கியம். இம்முறையின் முன்னோடியான அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) கட்டளையைவிட அனுமதிக்கும் மொழியையே அதிகம் நம்பினார். தமிழில் அது ஒரே விகுதியில் கிடைக்கிறது!

"பயப்படாதீர்கள்" வேண்டாம், அது பயத்தையே நினைவூட்டும். முக்கியச் சொல்லில் குரலை நாடகத்தனமாக மாற்றினாலும் ஆள் உஷாராகிவிடுவார்.

சம்மதம் கேட்காமல் யாரிடமும் முயலாதீர்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடம் பயிற்சி கூடவே கூடாது. முடிக்கும்போது பேச்சை இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்து, கை கால்களை அசைக்கச் சொல்லி, முழு விழிப்பு வந்ததா என்று கேட்ட பிறகே அவரை எழ விடுங்கள்.