முதல் உப்புநீர்த் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தாயிரம் ரூபாய்க்குள் கடல்மீன் தொட்டி வைக்க முடியுமா? ஒன்றரை அடித் தொட்டி ஒன்று கைவசம் இருக்கிறது. (தாம்பரம்)

இழுத்துப் பிடித்தால் முடியும். ஆனால் அந்தத் தொட்டி வேண்டாம். அதில் நிற்பது முப்பது லிட்டர் சொச்சம்தான். சென்னை வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும், மீன் தாங்காது. நூறு லிட்டராவது இருக்கட்டும். கொளத்தூர்ப் பக்கம் கண்ணாடி வெட்டி ஒட்டிக் கொடுப்பவர்களிடம் சொல்லிச் செய்தால் மலிவாக முடியும். நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இப்போதைக்குத் தேவையில்லை, வாரம் பத்து லிட்டர் நீரை மாற்றினால் போதும். மீன் மட்டும்தான் என்றால் சாதாரண எல்.இ.டி. விளக்கே தாராளம். தொட்டிக்கென்று பாக்கெட்டில் விற்கும் கடல் உப்பு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா டெஸ்ட் கிட் இந்த மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். லிட்டருக்கு 35 கிராம் என்றால் முதலில் மூன்றரை கிலோ உப்பு, அப்புறம் மாதம் ஒன்றரை கிலோ. அந்த மாதச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

எங்கள் ஊரில் கல்லுப்பு கொட்டிக் கிடக்கிறது. அதைக் கரைத்து ஊற்றினால் என்ன? (தூத்துக்குடி)

கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடும். உப்பு விளைந்ததும் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். உப்பள ஊர்க்காரருக்கு இது தெரியாததல்ல. கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது.

வீட்டு ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைக்கலாமா? (வேளச்சேரி)

கரைக்கலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று சின்ன வால்வு இருக்கும்; சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத நீரையே கலந்து விடும். அதை முழுசாக மூடச் சொல்லுங்கள். இரண்டாவது, ‘காப்பர்’ சேர்த்துத் தரும் மாடலா என்று பாருங்கள். தாமிரம் கலந்த நீரில் இறாலும் நத்தையும் பிழைக்காது. தொட்டியில் வற்றியதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

ஐந்து மீன் வாங்கி விட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் செத்துவிட்டன. என்ன மருந்து போடலாம்? (மதுரை)

எத்தனை லிட்டர், உப்பு அளவு என்ன, அம்மோனியா எவ்வளவு, தொட்டி வைத்து எத்தனை நாள்? ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் என்ன சொல்வது? புதுத் தொட்டியில் உடனே மீனை விட்டிருந்தால் அம்மோனியாதான் கொன்றிருக்கும். அதற்கு மருந்து கிடையாது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் பெருகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். தோலுரித்த பச்சை இறால் ஒன்றைப் போட்டு மோட்டாரை ஓட விடுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். கடைக்காரர் ‘சைக்கிளுக்கு’, அதாவது இந்தப் பாக்டீரியாவை வளர்க்க, டாம்சல் என்ற மீனைத் தருகிறேன் என்பார், வாங்காதீர்கள். அது பிழைத்தால் பின்னால் வரும் மீன்களை அடித்தே கொல்லும்.

மண்டபம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு எடுத்த பவளப் பாறை) கிலோ மிகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். பவளத் துண்டும் உண்டாம். வாங்கலாமா? (திருச்சி)

வாங்கக் கூடாது. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ‘செத்த பவளம்தானே’, ‘கரையில் ஒதுங்கியதுதானே’ என்ற சமாதானத்தோடு. பாறையாக வளரும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. விற்பவர் காணாமல் போய்விடுவார், பொருள் உங்கள் வரவேற்பறையில் இருக்கும்.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் மணல் அரித்தது. இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கிலோவும் அங்கே அடுத்த கடப்பாரையை இறக்கச் சொல்லும் ஆர்டர். மீன் மேல் ஆசைப்பட்டுத் தொட்டி வைக்கிற நாம் மீனின் வீட்டை இடித்தா அலங்கரிப்பது?

தவிர, இது இல்லாமலே காரியம் நடக்கும். பாறையின் வேலை அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது. நுண்துளை நிறைந்த செராமிக் பாறை நூறு லிட்டருக்கு எட்டு, பத்து கிலோ போட்டால் அதே வேலையைச் செய்யும். பாக்டீரியா குடியேற இன்னும் சில வாரம் கூடலாம், அவ்வளவுதான்.

குழந்தைகள் ஆரஞ்சுக் கோமாளி மீனும் நீல டாங்கும் கேட்கிறார்கள். (கோவை)

கோமாளி சரி. டாங் வேண்டாம், ஓர் அடி நீளம் வளரும், ஆறடித் தொட்டி கேட்கும். கோமாளியைச் சின்னதாக இரண்டு வாங்கினால் பெரிதாக வளர்வது பெண்ணாக மாறி ஜோடியாகிவிடும். கடலில் அது குடியிருக்கும் கடற்சாமந்தி என்ற உயிரினம் இல்லாமலே நன்றாக வாழும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. ஆகவே ‘பண்ணையில் பொரித்ததா?’ என்று கேட்டு வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யமான பிறகுதான், மறக்காதீர்கள்.

மெரினாவில் ஒரு குடம் பிடித்து ஊற்றலாமா? (மயிலாப்பூர்)

வேண்டாம். கூவமும் அடையாறும் அங்கேதான் கலக்கின்றன.

ஹீட்டர் தேவையா? கரண்ட் போனால் என்ன செய்வது? (சேலம்)

சமவெளியில் ஹீட்டர் வேண்டாம், சூடுதான் நம் பிரச்சினை. 28 டிகிரியைத் தாண்டினால் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். நீர் வேகமாக வற்றும், ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள். கரண்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மீன் வாங்குவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.