எஸ்.சி.எம். பெயரை எங்கே வெட்டுவது?

கே (நர்சிங் முதலாண்டு மாணவி): சார், எஸ்.சி.எம். என்று சுருக்கிச் சொல்லும் கழுத்துத் தசையின் முழுப் பெயர், ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு, வாயிலேயே நுழையவில்லை. எப்படிப் பிரித்துச் சொல்வது?

ப: ஆறு துண்டு அம்மா. ஸ்டெர் – னோ – கிளை – டோ – மாஸ் – டாய்டு. அழுத்தம் "மாஸ்" மேல் விழட்டும். நாலு தரம் உரக்கச் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

கே (பிசியோதெரபி மாணவர்): எங்கள் நோட்ஸில் "ஸ்டெர்ன் + ஓ + கிளைட் + ஓ + மாஸ்ட் + ஆய்டு" என்று இருக்கிறதே. எது சரி?

ப: இரண்டும்தான் தம்பி. நான் பிரித்தது ஓசைக்கு, நோட்ஸில் இருப்பது பொருளுக்கு. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று நன்னூலில் படித்திருப்பீர்களே, அதே சங்கதி. "ஸ்டெர்ன்" என்பதன் கடைசி மெய், பின்னால் வரும் "ஓ"வோடு ஒட்டி "னோ" ஆகிவிடுகிறது. அந்த "ஓ"வுக்குத் தனிப் பொருள் கிடையாது, வெறும் ஒட்டுப்பசை.

மற்றதெல்லாம் கிரேக்கம். ஸ்டெர்னான் மார்பு, கிளைஸ் சாவி, மாஸ்டோஸ் முலை, ஐடோஸ் வடிவம். காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள், கெட்டியாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு. டெல்டாய்டு, தைராய்டு எல்லாவற்றுக்கும் இதே "ஆய்டு" வால்தான்: டெல்டா எழுத்துப் போல, கேடயம் போல.

கே (தமிழாசிரியர்): கழுத்துத் தசையில் சாவிக்கு என்ன வேலை ஐயா?

ப: காறை எலும்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். லத்தீனில் அதைக் கிளாவிகுலா என்பார்கள், அதற்கும் "சிறு சாவி" என்றே பொருள். அவர்கள் கண்ணுக்குச் சாவி, நம் கண்ணுக்குக் கழுத்தில் போடும் காறை. எனக்கு நம்முடையதுதான் பிடிக்கிறது, எலும்பு இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறதே!

கே (அதே பிசியோ மாணவர்): துண்டுகளின் வரிசையை மாற்றிச் சொன்னால் தப்பா சார்?

ப: தப்புதான். தொடங்கும் எலும்புகள் முன்னால், போய்ச் சேரும் இடம் கடைசியில். மார்பெலும்பிலும் காறையிலும் கிளம்பி மாஸ்டாய்டில் முடிகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஆரிஜின் (தொடங்கும் இடம்), இன்சர்ஷன் (போய்ச் சேரும் இடம்) கேட்டால் பெயரையே பதிலாகச் சொல்லலாம். ஆனால் வேலை என்ன என்று கேட்டால் பெயர் கைகொடுக்காது. வலது தசை இழுத்தால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். இதில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

கே (நர்சிங் மாணவி): காலின் பின்பக்கத் தசை, கேஸ்ட்ராக்னீமியஸும் இப்படித்தானா சார்?

ப: கேஸ்ட்ராக் – னீ – மி – யஸ் என்று சொன்னாலும், பொருளுக்குக் "கேஸ்ட்ரோ"வோடு நிறுத்துங்கள். வயிறு + கால், "காலின் வயிறு". நம் ஊரில் அதே சதையைப் பார்த்துக் கெண்டை மீன் என்றார்கள், கெண்டைக்கால்!