டேஷ்போர்டில் வெந்த ஆணுறை

ஈரோட்டுப் பக்கம் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) ஆலோசகராகப் பல வருஷம் இருந்தவள் நான். பால்வினை நோய் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. அவசரமான ஒன்று வரிசை தப்பி முதலில் வருகிறது.

அக்கா, முந்தாநாள் ராத்திரி உறை கிழிஞ்சிருச்சுங்க. தறி ஓட்டவே கை ஓடல. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தாப் போதுமுங்களா? (பல்லடம்)

போதாது தம்பி. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அது தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பெரிய அரசு மருத்துவமனைக்கு இன்றே போங்கள். வழி தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அழையுங்கள், காசு இல்லை. டெஸ்ட் இப்போதும் எடுக்கணும், அப்புறமும் எடுக்கணும்.

ரெண்டு தடவை கிழிஞ்சுதுங்க. இனி ரெண்டு உறையாப் போட்டுக்கலாமுங்களா? (சங்ககிரி, லாரி ஓட்டுநர்)

வேண்டாங்க, ஒன்றோடொன்று உரசிக் கிழியும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. இப்படித்தான் ஒருத்தர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்: பாக்கெட் நசுங்கி, ஓரம் பிரிந்து, உள்ளே பசை காய்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தாலும் இதே கதிதான்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். நம்ம ஊரில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான். உறையோடு மட்டும் ஆகாது. எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் சில நிமிஷத்திலேயே பலம் இழந்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மெடிக்கலில் தண்ணீரில் ஆன ஜெல் என்று கேட்டு வாங்குங்கள். தேதி பார்த்து, பல்லால் கடிக்காமல் பிரித்து, நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்டுங்கள். முடிந்ததும் விறைப்பு அடங்குமுன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருச்சுங்க. வெள்ளைப்படுது, நாத்தம் அடிக்குது. அவர்கிட்டச் சொல்லப் பயமா இருக்கு. (திருப்பூர், பனியன் கம்பெனி)

ஆபரேஷன் கருவைத் தடுக்கும் அம்மணி, கிருமியைத் தடுக்காது. ஆனால் வெள்ளைப்படுவதெல்லாம் பால்வினை நோய் இல்லை, அதனால் யார் மேலும் பழி போடுவதற்கு முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பால்வினை நோய் என்று தெரிந்தால் அவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். நீங்கள் மட்டும் சாப்பிட்டால் அவரிடமிருந்து திரும்பவும் வரும். சொல்லத் தயக்கமென்றால் அவரை ஆலோசகரிடம் கூட்டி வாருங்கள், பேச்சை நாங்கள் எடுக்கிறோம்.

அங்கே ஒரு புண் வந்துதுங்க, வலியே இல்ல, தானா ஆறிருச்சு. தை மாசம் கல்யாணம். (கோபி)

வலியில்லாத புண் என்றதும் எனக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் நினைவுதான் வருகிறது. புண் ஆறினாலும் கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பெனிசிலின் ஊசியில் குணமாகும். கடையில் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள். விஷயம் ஊருக்குத் தெரியுமோ என்ற பயம் வேண்டாம், மையத்தில் சொன்னது வெளியே போகாது. பத்துப் பொருத்தம் பார்த்த கையோடு ரெண்டு பேரும் இந்த ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறதே.