கன்டெய்னருக்குள் கீரைப் பண்ணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கப்பல் கன்டெய்னருக்குள் விளக்கொளியில், மண்ணில்லாமல் ஊட்டச்சத்துக் கரைத்த நீரில் கீரை வளர்ப்பது பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு இம்முறை இந்தப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பயன்படுத்திய 40 அடி கன்டெய்னர் ஒன்றை வாங்கிப் பண்ணை அமைக்க விரும்புகிறேன். சாதாரண இரும்புப் பெட்டி போதுமா, குளிர்பதனச் சரக்கு ஏற்றும் ரீஃபர் பெட்டிதான் வேண்டுமா?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் ரீஃபரையே வாங்குங்கள். சாதாரணப் பெட்டியின் சுவர் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள நெளிதகடு என்பதால், வெயிலில் அது அடுப்பாகிவிடும். வெளியே குளிர்ந்தாலோ உட்புறம் வியர்த்துச் சொட்டும். அதைத் தடுக்கச் சுவருக்கு உள்ளே வெப்பத்தடுப்பு நுரை கொடுத்தாக வேண்டும். பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 2.35 மீட்டர் உள் அகலத்தில் 14 சென்டிமீட்டர் போய்விடும். இருபுறமும் அடுக்குகளை நிறுத்திய பிறகு நடுவில் ஆள் நடக்கும் வழியிலிருந்துதான் அது பறிபோகிறது என்பதை, செடித்தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி அந்த வழியாகத் திரும்பிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ரீஃபரில் அந்த நுரை சுவருக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது; உட்புறமும் கழுவித் துடைக்க ஏற்றதாக இருக்கும்.

ரீஃபரிலும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். அதனுடன் வரும் குளிர்பதன இயந்திரம், முன்பே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதற்காக வடிவமைக்கப்பட்டது; நாள் முழுவதும் விளக்குகள் கக்கும் வெப்பத்தையும் செடிகள் விடும் ஈரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். தரையில் உள்ள அலுமினியப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும் என்பதால், வடிகால் பக்கமாகச் சற்றே சரிவு இருக்கும்படி பெட்டியை நிறுத்துங்கள். இல்லை, சாதாரணப் பெட்டிதான் கிடைக்கிறது என்றால், அதன் பலகைத் தரைக்குப் பூச்சிமருந்து ஏற்றப்பட்டிருக்கக்கூடும். கதவில் அடித்திருக்கும் உலோகத் தகட்டில் அந்த விவரம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: மின்செலவு எவ்வளவு ஆகும் என்று விற்பனையாளர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நாமே கணக்கிட வழி உண்டா?

பதில்: உண்டு, பெட்டி வாங்கும் முன் ஒவ்வொருவரும் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. லெட்யூஸ் போன்ற இலைப்பயிர், சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளியை எண்ணும் அலகு) ஒளி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் கிடைத்தால் நன்றாக வளரும். தரமான எல்.இ.டி. விளக்கு, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு வாட் ஒரு நொடி ஓடுவதற்கு, ஏறத்தாழ 3 மைக்ரோமோல் ஒளி தருகிறது. ஆகவே சதுர மீட்டருக்கு 67 வாட். 16 மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். அடுக்குகள் எல்லாம் சேர்ந்து 60 சதுர மீட்டர் வளர்பரப்பு இருந்தால், ஒளிக்கு மட்டுமே நாளொன்றுக்கு 64 யூனிட் செலவாகும்.

கணக்கு இதோடு முடிவதில்லை. அந்த மின்சாரத்தில் செடி தன் உடலில் சேர்த்துக்கொள்வது மிகச் சொற்பம். மீதி அனைத்தும் பெட்டிக்குள் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. ஆயிரம் வாட் ஹீட்டர்கள் நான்கை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து 16 மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம் அது. வேர் உறிஞ்சும் நீரிலும் பெரும்பகுதி இலை வழியாக ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று குறைத்து வைத்தாலும், தினமும் 60 லிட்டர் நீரை அந்தக் காற்றிலிருந்து திரும்ப எடுத்தாக வேண்டும். குளிர்சாதனம், ஈரம் நீக்கும் கருவி, பம்பு, மின்விசிறி எல்லாவற்றையும் சேர்த்து, நாளொன்றுக்கு 100 யூனிட்டை ஒட்டி வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கன்டெய்னர் பண்ணை என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் இடைவிடாமல் வெளியேற்றும் வேலை. பயிர் வளர்ப்பது அதற்குள் நடக்கிறது. இதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். நான் முதலில் நடத்திய பெட்டியில் எல்லா விளக்குகளையும் இரவில் ஒருசேர அணைத்துவிடுவேன். விளக்கு அணைந்ததும் வெப்பம் குறைந்து குளிர்சாதனம் தானாக நின்றுவிடும்; செடிகளோ ஈரத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி உடனே மங்கிப்போகும். கூரையிலிருந்து விழுந்த துளிகள் கீரைக் குருத்துகளுக்குள் உருண்டு நிற்கும். பத்தாம் நாள் அடியிலைகளில் சாம்பல் நிறப் பூஞ்சை பரவி, ஒரு வரிசை முழுவதையும் பிடுங்கி எறிந்தேன். அதன் பிறகு ஈரம் நீக்கத் தனிக் கருவி வைத்தேன். விளக்குகளையும் இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி எரியத் தொடங்கி 12 மணி நேரம் கழித்து மறுபாதி எரியும்படி நேரம் குறித்தேன். அவ்வாறு செய்தால் பெட்டி முழுவதும் ஒரே சமயத்தில் இருளில் இருக்கும் நேரமே வராது, குளிர்சாதனமும் நிற்காது. குளிர்சாதனத்திலிருந்து வடியும் நீரை வடிகட்டி மீண்டும் தொட்டியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: செடிகள் செழிப்பாக இருக்கின்றன, ஆனால் நான்காவது வாரத்தில் உள் இலைகளின் ஓரம் கருகுகிறது. கால்சியம் குறைபாடு என்றார்கள். கரைசலில் கால்சியத்தைக் கூட்டியும் நிற்கவில்லை.

பதில்: குறைபாடு கால்சியத்தினுடையதுதான், ஆனால் அது தொட்டியில் இல்லை. கால்சியம், வேரிலிருந்து மேலேறும் நீரோட்டத்தோடு மட்டுமே இலையைச் சென்றடையும். வெளியிலைகள் காற்றுபட்டு நீரை ஆவியாக்குவதால் அவற்றுக்குக் கால்சியம் கிடைக்கிறது. குருத்துக்குள் மூடிக்கிடக்கும் இளம் இலையைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் ஈரமாக நிற்பதால், அங்கே நீரோட்டமே செல்வதில்லை. ஒரு செடியை எடுத்து வெளியிலைகளை விலக்கி, நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டும். நகத்தளவு இலையின் விளிம்பில், தீ தொட்ட காகிதத்தைப் போல மெல்லிய பழுப்புக் கோடு ஓடியிருக்கும்.

மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து, செடிகளின் தலைக்குச் சற்று மேலே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அசையாத இடங்களில்தான் கருகல் அதிகமாக இருக்கும். அங்கே சிறு விசிறிகளை வைத்து, காற்று மேலிருந்து குருத்துக்குள் இறங்குமாறு திருப்புங்கள். ஈரப்பதத்தை 60 முதல் 70 சதவீதத்துக்குள் வையுங்கள். அறுவடைக்கு முந்தைய வாரத்தில் ஒளியைச் சிறிது குறையுங்கள். கூட்டிய கால்சியத்தால் கரைசலின் செறிவு ஏறியிருந்தால் வேர் நீரை இழுப்பது இன்னும் கடினமாகும் என்பதால், இ.சி. அளவை (கரைந்த உப்புகளின் செறிவைக் காட்டுவது) 1.2 முதல் 1.8 வரையிலும் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டுவது) 5.5 முதல் 6.5 வரையிலும் கொண்டுவாருங்கள்.

கேள்வி: தக்காளி, வெள்ளரி, தானியம் ஆகியவற்றையும் இதில் விளைவிக்கலாமா?

பதில்: தானியத்தை நினைக்க வேண்டாம், அதில் பெரும்பகுதி வைக்கோலாகப் போகும், அந்த வைக்கோலுக்கும் நீங்கள் விளக்கெரித்திருப்பீர்கள். தக்காளியும் வெள்ளரியும் விளையும். அண்டார்க்டிகாவில் ஜெர்மனியின் நியூமேயர் 3 ஆய்வு நிலையத்தருகே, இரண்டு 20 அடி கன்டெய்னர்களால் அமைந்த ஈடன் ஐ.எஸ்.எஸ். என்ற பசுமைக்கூடம் 2018-இல் 12.5 சதுர மீட்டர் பரப்பில் 268 கிலோ விளைச்சல் தந்தது. அதில் கீரை வகை 117 கிலோ, வெள்ளரி 67 கிலோ, தக்காளி 50 கிலோ. ஆனால் அங்கே பச்சைக் காய் கிடைக்க வேறு வழியே இல்லை. விற்பனைக்காகத் தொடங்குபவர், தரைக்கு மேலே உள்ளது ஏறக்குறைய முழுவதும் விலைபோகிற, சீக்கிரம் அறுவடையாகிற லெட்யூஸ், பேசில் (துளசி இனத்து மணமூட்டும் இலை), மைக்ரோகிரீன் (முளைவிட்டு இளசாகவே அறுக்கும் கீரை) ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது.

கேள்வி: இதில் லாபம் கிடைக்குமா? சேமிப்பு முழுவதையும் போடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: முழுவதையும் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய கன்டெய்னர் பண்ணைகளைத் தயாரித்து விற்ற முன்னோடிகளில் ஒன்றான அமெரிக்காவின் ஃபிரெய்ட் ஃபார்ம்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலில் திவால் மனு அளித்தது. அடுக்குப் பண்ணையில் பெரும் முதலீடு பெற்றிருந்த பவ்ரி நிறுவனம் 2024 நவம்பரில் மூடப்பட்டது. அவர்களிடம் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஆகவே முதலில் ஒரு அறையில் ஒரே ஒரு அடுக்கை நிறுத்தி, அதற்கென்று தனி மின்மீட்டர் பொருத்தி, மூன்று மாதம் பயிர் செய்யுங்கள். மீட்டரில் ஓடிய யூனிட்டை, தராசில் நின்ற கிலோவால் வகுத்து, ஒரு கிலோ கீரைக்கு எத்தனை யூனிட் என்று கண்டுபிடியுங்கள். அந்த மின்கட்டணத்தோடு விதை, ஊட்டச்சத்து, உங்கள் உழைப்பு நேரத்துக்கான கூலி, கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டி, வாங்குபவர் வாரந்தோறும் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள எழுத்தில் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். சம்மதம் கிடைக்கவில்லை என்றால், உங்கள் சேமிப்பு உங்களிடமே இருக்கிறது. ஆயத்தப் பெட்டி வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: விற்ற நிறுவனம் நாளை மறைந்துபோனாலும் விளக்கையும் பம்பையும் கையால் இயக்க முடியுமா? முடியாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

கேள்வி: தனியாக உள்ளே வேலை செய்வதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. உலோகப் பெட்டி, தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால், பெட்டி முழுவதற்கும் முறையான நில இணைப்பும் மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். வளர்ச்சியைக் கூட்டக் கரியமில வாயுவை 1000 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரை ஏற்றுகிறவர்கள் உண்டு. உருளையின் வால்வு பழுதானால் அது மூடிய பெட்டிக்குள் அளவின்றி ஏறும். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட உச்சவரம்பு 5000 பி.பி.எம். என்பதால், அந்த வரம்புக்கு முன்பே ஒலிக்கும் எச்சரிக்கை மணி இல்லாமல் உருளையை உள்ளே வைக்காதீர்கள். கன்டெய்னர் கதவு சரக்குக்காகச் செய்யப்பட்டது; வெளியிலிருந்து தாழிட்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை. பக்கவாட்டில் தனிக் கதவு வைத்து, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ் பொருத்துங்கள். முதல் விதையை ஊன்றுவதற்கு முன்பே, ஒருவரை வெளியே நிறுத்திக் கதவை மூடச் சொல்லி, விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டில் அந்தத் தாழைத் தடவிக் கண்டுபிடித்து நீங்களே திறந்து பாருங்கள்.