கேள்வி – பதில்: பெருநிறுவனக் கணக்கிலிருந்து விலகுவது எப்படி?

கேள்வி: மின்னஞ்சல், ஒளிப்படங்கள், ஆவணங்கள் என எல்லாமே ஒரே பெருநிறுவனத்தின் கணக்கில் இருக்கின்றன. விலக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே சலித்துப்போய்ப் பழைய கணக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முதல் வேலை எதையும் மூடுவதன்று. உங்களுடையவற்றை உங்கள் கணினிக்குக் கொண்டுவருவதுதான். கூகுள் 2011 முதல் ‘டேக்அவுட்’ என்ற பெயரில் இதற்கான வசதியைத் தருகிறது. அதன் வழியே ஒளிப்படங்களை இறக்கும்போது ஜேசன் (.json) வகைக் கோப்புகளும் கூடவே வரும். படம் எடுத்த நாள், இடம் போன்ற விவரங்கள் அவற்றில் இருக்கும் என்பதால், வேண்டாதவை என்று கருதி அழித்துவிடாதீர்கள். இறக்கியவற்றில் சிலவற்றையாவது திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். நிறுவனமே ஒரு சேவையை நிறுத்திவிடுவதும் உண்டு: இணையதளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது; பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஆகவே விலகும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்த நகல் தேவைப்படும்.

ஆவணங்களுக்கு லிப்ரேஆபீஸ், இணையத்தில் உலாவ பயர்பாக்ஸ், வழி பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் செயலிகள் என மாறுவது எளிது. லிப்ரேஆபீஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் என்ற கோப்பு வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. அதை எந்த மென்பொருளும் தடையின்றிக் கையாளலாம்.

கடினமானது மின்னஞ்சல்தான். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்க வேண்டுமானால் அந்த முகவரிக்குத்தான் அஞ்சல் வருகிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயரை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) பதிவு செய்து அதில் முகவரி அமைத்துக்கொண்டால், பின்னாளில் அஞ்சல் சேவையை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆனால் அந்தப் பதிவைப் புதுப்பிக்கத் தவறினால், அதே பெயரை வேறொருவர் வாங்கி உங்களுக்கு வரும் அஞ்சலைப் பெற்றுக்கொள்ள முடியும். பழைய முகவரிக்கு வருபவற்றைப் புதியதற்குத் திருப்பிவிட்டு, ஓராண்டுக்காவது பழைய கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: லிப்ரேஆபீஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றின் மூலநிரல், அதாவது மென்பொருளை உருவாக்கும் நிரல் வரிகள், எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தால், தீய எண்ணம் கொண்டவர்களுக்கு அது வசதியாகிவிடாதா?

பதில்: 2024இல் நடந்ததைச் சொன்னால் இரு பக்கமும் விளங்கும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே ஒருவர், ஊதியமின்றி, பராமரித்து வந்தார். அவருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, அதற்குள் ஒரு கள்ளவழியை நுழைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். வெளியாள் ஒருவர் தாமாகவே இவ்வளவு தூரம் ஆராய முடிந்ததற்கு மூலநிரல் திறந்திருந்ததே துணைசெய்தது. ஆனால் திறந்திருப்பதாலேயே யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது என்பதும் உண்மை. நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளைத் தனியொருவர் தோளில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நன்கொடையோ, பிழைகளைத் தெரிவிப்பதோ, இடைமுகத்தை மொழிபெயர்ப்பதோ, நம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தில் சேர நினைக்கிறேன். அங்கே யாரை நம்புவது?

பதில்: 2016இல் தொடங்கிய மாஸ்டடானுக்கு ஒரே உரிமையாளர் இல்லை. தனித்தனிக் குழுக்கள் நடத்தும் வழங்கிகள் (சர்வர்கள்), இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எனவே நீங்கள் நம்ப வேண்டியது உங்கள் வழங்கியை நடத்துபவரை. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள், நாள்தோறும் காப்புநகல் எடுப்பதாகவும், மூடுவதானால் குறைந்தது 3 மாதங்களுக்கு முன் அறிவிப்பதாகவும் உறுதியளிக்க வேண்டும். தேர்வை அங்கிருந்து தொடங்குவது நல்லது. வேறு வழங்கிக்கு மாறும்போது உங்களைப் பின்தொடர்பவர்கள் உடன் வருவார்கள், பழைய பதிவுகள் வாரா. தனிச்செய்திகளை வழங்கியின் நிர்வாகி படிக்க முடியும் என்பதால், அந்தரங்கமானவற்றை அங்கே எழுத வேண்டாம். அவற்றுக்குச் சிக்னல் என்ற செய்திச் செயலி ஏற்றது. அதன் மூலநிரல் திறந்தது, ஓர் இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது, ஆயினும் அதன் வழங்கிகள் அந்த ஒரே அமைப்பின் கையில்தான் உள்ளன.

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் பழைய செயலியிலேயே இருக்கும்போது நான் மட்டும் மாறி என்ன பயன்?

பதில்: எல்லோரையும் அழைக்காதீர்கள். நாள்தோறும் பேசும் ஒரு சிறு குழுவை மட்டும் புதிய செயலிக்குக் கொண்டுவந்து, நிறுவும்போது பக்கத்தில் இருந்து உதவுங்கள். மற்றவர்களுக்காகப் பழைய கணக்கை வைத்திருப்பதில் தவறில்லை. அதன் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும்.