வெள்ளை எழுத்தும் வெள்ளெழுத்தும்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பாக ஏ5 அளவில் 2,000 மல்டிகலர் நோட்டீஸ் அடித்தேன். நான் எடுத்ததிலேயே சிறந்த மணமகள் படத்தை முழுப் பக்கத்துக்கும் வைத்து, அதன்மேல் வெள்ளை எழுத்தில் விவரங்களைப் போட்டேன். பின்பக்கம் வெற்றுதான். வாங்கிப் பார்ப்பவர்கள் "படம் பிரமாதம்" என்கிறார்கள்; ஆனால் அழைப்பு வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் ஒருவர், "எழுத்துதான் தெரியவில்லை, தம்பி" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். 700 போய்விட்டது. அடுத்த முறை எப்படி வடிவமைப்பது? மீதி 1,300-ஐ என்ன செய்வது?

பதில்: அந்தப் பெரியவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் பாராட்டிவிட்டு நோட்டீஸை மண்டபத்து நாற்காலியிலேயே விட்டுப் போனார்கள். அவர் ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார். நீங்கள் இணைத்து அனுப்பிய நோட்டீஸை நானும் கைபேசியில் விரலால் பெரிதாக்கித்தான் படித்தேன்.

முதலில் அதை யார் படிக்கிறார் என்று பார்ப்போம். கேண்டிட் வேண்டுமா, ட்ரோன் வேண்டுமா என்பதை மணமக்கள் சொல்லலாம். முன்பணம் எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் அப்பாவோ தாய்மாமனோதான். வயது 45-க்கு மேல். நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும். அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். அவருடைய கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும், அல்லது வீட்டில் இருக்கும். ஒரு கையில் தாம்பூலப் பை. இன்னொரு கையில் உங்கள் நோட்டீஸை முழ நீளம் தள்ளிப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிறார். நீங்களோ அதே நோட்டீஸைப் பெரிய மானிட்டரில், பின்னாலிருந்து ஒளி வரும் திரையில், இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்து வடிவமைத்தீர்கள். வெள்ளெழுத்து உள்ளவர் கையில் வெள்ளை எழுத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

படம் எடுக்கும்போது நீங்கள் கவனமாகத் தவிர்க்கும் ஒன்றை, எழுத்து வைக்கும்போது கோட்டை விட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்ததுபோல் தெரிந்தால் இரண்டடி நகர்ந்து நின்று எடுப்பீர்கள். எழுத்துக்கும் பின்னணி உண்டு. அதையும் ஓர் ஆளைப் படம் பிடிப்பதுபோல், பின்னணி பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் நோட்டீஸில் மணமகளுக்குப் பின்னால் சீரியல் விளக்குகள் வட்டம் வட்டமாக மங்கித் தெரிகின்றன. அழகான படம்தான். ஆனால் அந்த விளக்கு வட்டங்களுக்கு நடுவே 'வளைகாப்பு' என்று வெள்ளையில் எழுதினால் எது விளக்கு, எது பகரத்தின் தலைமேல் உள்ள புள்ளி என்று கண்ணுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே புள்ளி வைத்த எழுத்துகளே இரண்டு சிறிய எழுத்துகள்தான். தமிழில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் புள்ளி உண்டு, அது தொலைந்தால் சொல்லே தடுமாறும். மணமகளின் நெற்றிச்சுட்டியில் விழுந்த ஒளித்துளி ஒன்று உங்கள் ஸ்டுடியோ பெயரில் இல்லாத புள்ளியை வைத்திருக்கிறது. கவனித்தீர்களா?

அடுத்தது வெளிச்சக் கணக்கு. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும் கிரே கார்டு உங்கள் பையில் இருக்கும். இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அளவுகோல், சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. தூய வெள்ளை எழுத்தை அந்தக் கிரே கார்டின் சாம்பல்மேல் வைத்துக் கணக்கிட்டால் விகிதம் 4.5-ஐ மயிரிழையில் தாண்டும். கறுப்பு எழுத்தை வைத்தாலும் ஏறக்குறைய அதேதான். அதாவது உங்கள் பையில் இருக்கும் அந்த அட்டைதான் எல்லைக்கோடு. பின்னணி அதைவிட நன்கு இருண்டிருந்தால் வெள்ளை எழுத்து. நன்கு வெளுத்திருந்தால் கறுப்பு எழுத்து. அதன் அருகிலேயே இருந்தால் எந்த நிறத்தில் எழுதினாலும் திணறும். நம் ஊர்த் தோல் நிறங்களில் பெரும்பகுதி படத்தில் அந்த நடுப்பகுதியைச் சுற்றித்தான் விழுகிறது. பட்டுப்புடவையும் நகையுமோ ஒரே அங்குலத்துக்குள் அடிக்கறுப்பிலிருந்து பளீர் வெள்ளைவரை போய்வரும். ஆகவே ஆள்மேல் எழுத்தே வேண்டாம். தோளில் வேண்டாம், புடவை மடிப்பில் வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுத்ததும் வடிவமைப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கறுப்புமேல் சிவப்பு அப்போது காணாமல் போகும். வெள்ளைமேல் மஞ்சளும் போகும். மஞ்சள்மேல் அரக்கு நிற்கும். நம் கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் எந்த அளவுகோலையும் படிக்காமலே இதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள்.

திரையில் தப்பித்தாலும் அச்சில் இன்னொரு சோதனை இருக்கிறது. இருண்ட படத்தின்மேல் வெள்ளை எழுத்து என்றால் அங்கே வெள்ளை மை அடிப்பதில்லை. மல்டிகலர் அச்சின் நான்கு மைகளும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கின்றன, தெரிவது காகிதம். மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) ஒன்று இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். மை கொஞ்சம் பரவும் இயல்புடையது என்பதால் மெல்லிய கோடுகள் இன்னும் மெலியும். ணகரம், ஞகரம், ழகரம் ஆகியவற்றின் சுழிகள் முதலில் அடிபடும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் ஒரே ஒரு பிளேட், நகர்ந்தாலும் எழுத்து கெடாது. ஆனால் அந்தக் கறுப்பு வெறும் கறுப்பு மையாக மட்டும் இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் வைத்த கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மைகளும் கலந்த கறுப்பாக வந்து, பழைய தொல்லை திரும்பும்.

எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்றை இழுத்துவிடுவது பலரும் செய்யும் வேலை. படிக்க முடிகிறதா என்றால் முடியும். ஆனால் நல்ல படத்தின்மேல் கரித்துணியைப் போர்த்தியதுபோல் இருக்கும், எனக்குப் பிடிப்பதில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அதற்கொரு நிழல் என்பது அதைவிட மோசம். சுழிகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

எளிய வழி, பக்கத்தைப் பிரிப்பது. மேலே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் படம், கீழே ஒரே நிறத் தரை, அதில் எழுத்து. உங்களுக்கு மட்டும் வாய்த்த இன்னொரு வழியும் உண்டு. நோட்டீஸுக்கென்றே ஒரு படம் எடுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஆளைச் சட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி, மறுபாதியில் வெற்றுச் சுவரோ நிழலான திண்ணையோ கோயில் மதிலோ இருக்குமாறு எடுத்து வையுங்கள். அந்த வெற்றிடம் எழுத்துக்கு. நீங்கள் எடுத்ததிலேயே சிறந்த படம் நோட்டீஸுக்கும் சிறந்த படமாக இருக்க வேண்டியதில்லை. சிறந்த படம் ஆல்பத்துக்குப் போகட்டும்.

இனி எழுத்துரு. உங்கள் ஸ்டுடியோ பெயர் வளைந்து நெளியும் அலங்கார எழுத்தில், நடுவே கேமராவும் மேலே இறகும் பறக்க இருக்கிறது. பெயருக்கு மட்டும் என்றால் போகட்டும், அது உங்கள் ஆசை. மற்றதெல்லாம் நேரான எழுத்தில் இருக்கட்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பவை. மெல்லியது முதல் தடித்தது வரை பல கனங்கள் அவற்றில் உண்டு. ஒரே எழுத்துருவில் இரண்டு கனம் போதும். அளவைக் கணினி சொல்லும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு எழுத்துருவிலும் 12 என்பது வேறு வேறு உயரத்தில் நிற்கும். வீட்டு பிரிண்டரில் அசல் அளவில் எடுத்து, அளவுகோலை வைத்து ககரத்தை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நம் பெரியவர் படிக்கமாட்டார். உங்கள் நோட்டீஸில் அது அதில் பாதிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு அழகுபடுத்தாதீர்கள். 'தொ' என்பது மூன்று துண்டாக எழுதப்படும் ஓர் எழுத்து. இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் பிரிந்துபோய், கால் பார்ப்பதற்கு ரகரம் ஆகிவிடும். வரிகளுக்கு இடையில் மட்டும் தாராளமாக விடுங்கள், எழுத்தின் அளவில் ஒன்றரை மடங்கு. தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் நீள்வதால் நெருக்கினால் மேல்வரியின் 'மூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கோரல்டிராவில் இதைக் கர்வ்ஸ் என்பார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றாமல் கொடுத்து, அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகி, புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி வந்து உட்காரும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்டி வையுங்கள், கட்டிங்கில் வெள்ளை ஓரம் தெரியாது.

இனி விஷயம். உங்கள் நோட்டீஸில் காதுகுத்து முதல் கம்பெனி விழா வரை 17 சேவைகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். பாஸ்போர்ட் சைஸ் படமும் கலர் ஜெராக்ஸும்கூட உண்டு. கல்யாணத்துக்கு ஆள் தேடுபவருக்கு ஜெராக்ஸ் எதற்கு? ஸ்டுடியோ பெயர், கல்யாணப் படம் எடுப்பவர் என்பது, ஊரும் அடையாளமும், ஓர் எண். இந்த நான்கும் போதும். தொடக்க விலை ஒன்றைப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடுங்கள் என்பேன். விலையே தெரியாத இடத்துக்கு அழைக்கத் தயங்குபவர்கள் நம் ஊரில் அதிகம். எண் ஒன்றே ஒன்று இருக்கட்டும். பத்து இலக்கத்தையும் ஒட்டாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து, 6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஒருமுறை நான் ஒரு ஸ்டுடியோவுக்குக் கறுப்பு அட்டையில் தங்க ஃபாயில் வைத்து விசிட்டிங் கார்டு செய்து கொடுத்தேன். என் வேலையிலேயே அதுதான் அழகானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்துப் போனபோது அந்த ஸ்டுடியோக்காரர் கார்டின் வெள்ளையான பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எண்ணை எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கியூஆர் கோடு வைத்தால் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிர் தரையில் கருமையாக, சுற்றிலும் வெற்றோரம் விட்டு இருக்க வேண்டும். மாதிரிப் படங்கள் உடனே திறக்கும் பக்கத்துக்கே அது போகட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப இதே நோட்டீஸைப் படம் பிடித்துப் போடாதீர்கள். அங்கே படம் சுருக்கப்படும்போது நிற விவரம்தான் முதலில் குறைகிறது, சிவப்பு எழுத்தின் ஓரங்கள் பிசுபிசுத்துப் போகும். கைபேசிக்கென்று நெடுக்கு வாட்டில், பாதி சொற்களோடு தனியாகச் செய்யுங்கள். ஃப்ளெக்ஸ் வைப்பதாக இருந்தால், 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது போர்டு எழுதுபவர்களின் பழைய கணக்கு. தமிழுக்கு அதற்கும் கொஞ்சம் மேலே போங்கள். பொது இடம் என்றால் அனுமதி வாங்காமல் கட்டாதீர்கள்.

ப்ரூஃப் (மாதிரி அச்சு) வந்ததும் அதை டிசைனரிடமும் நண்பரிடமும் காட்டிப் பயனில்லை. ஐம்பது தாண்டிய ஒருவரிடம், விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு, கண்ணாடி இல்லாமல் மூன்று விநாடி காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன கடை, எந்த ஊர் என்று கேளுங்கள். பிறகு திரும்பக் கொடுத்து எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

மீதி 1,300-க்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த மணமகளிடம் கேட்டுத்தான் படத்தைப் போட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்த நீங்கள் அல்ல. ஆர்டர் படிவத்தில் "விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பம் சம்மதித்தால் ஒரு வழி இருக்கிறது. நோட்டீஸின் பின்பக்கம் வெற்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மல்டிகலர் வேண்டாம், உள்ளூர் அச்சகத்தில் கறுப்பு ஒரே நிறத்தில், மேலே சொன்ன நான்கு விவரங்களை மட்டும் பெரிதாகப் பின்பக்கம் அடித்துத் தரச் சொல்லுங்கள். புதிதாக 2,000 அடிப்பதில் சிறு பங்குதான் ஆகும். கொடுக்கும்போது எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி கொடுங்கள். படத்தை அவர்களே திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.